குட்டிப் பூனைகளுக்குப் பான்லூக்கோபீனியா: அந்த ஐந்து நாட்களில் வீட்டில் செய்ய வேண்டியவை

கேள்வி இது: வீட்டில் மூன்று மாத வயதில் மூன்று குட்டிகள். ஒன்று வாந்தி எடுக்கத் தொடங்கிய இரண்டாம் நாளே இறந்துவிட்டது. மற்ற இரண்டும் எதையும் தொடாமல், தண்ணீர்க் கிண்ணத்தின் முன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கின்றன. டாக்டர் இது பான்லூக்கோபீனியா என்னும் வைரஸ் நோய் என்று சொல்லி, ட்ரிப்ஸும் ஊசியும் போட்டு, காலையில் திரும்ப வரச் சொல்லி அனுப்பிவிட்டார். அதுவரை வீட்டில் என்ன செய்வது? பிழைக்குமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். பிழைக்கின்றன. ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழக விலங்கு மருத்துவமனையில் இந்த நோயோடு வந்த 244 பூனைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2010-இல் ஒரு கட்டுரை வெளியானது. அவற்றில் பாதிக்குச் சற்று மேல், அதாவது 51 சதவீதம் பிழைத்தன. அது முழு வசதியுள்ள மருத்துவமனை என்பதை நினைவில் வையுங்கள். சிகிச்சையே இல்லாவிட்டால் குட்டிகளில் பெரும்பாலானவை இறந்துவிடும். ஆக, உங்கள் இரண்டு குட்டிகளுக்கும் வாய்ப்பு உண்டு. அது அடுத்த நான்கைந்து நாட்கள் எப்படிக் கழிகின்றன என்பதைப் பொறுத்தது.

ஏன் ஐந்து நாட்கள்? இந்த வைரஸ் வேகமாகப் பெருகும் செல்களைத் தேடிப் பிடிக்கும். குடலின் உட்சுவரும் எலும்பு மஜ்ஜையும்தான் அதன் முக்கிய இலக்கு. குடல்சுவர் உரிந்துபோவதால் வாந்தியும் பேதியும். மஜ்ஜை படுத்துவிடுவதால் இரத்தத்தில் வெள்ளணுக்கள் அடியோடு குறைகின்றன. குடலில் வழக்கமாக இருக்கும் பாக்டீரியாக்கள் அந்தக் கிழிந்த சுவர் வழியாக இரத்தத்துக்குள் நுழைகின்றன; தடுக்க ஆள் இல்லை. வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து நம் கையில் இல்லை. ஆனால் குட்டியின் உடலே சில நாட்களில் எதிர்ப்புப் பொருளை உருவாக்கி வைரஸை வெளியேற்றிவிடும், மஜ்ஜையும் மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். அதற்குள் குட்டியைக் கொல்வது நான்கு விஷயங்கள்: நீரிழப்பு, சர்க்கரை இறங்குவது, உடல் குளிர்ந்துபோவது, இரத்தத்தில் பாக்டீரியா பரவுவது. சிகிச்சை என்று டாக்டர் செய்வதும், வீட்டில் நீங்கள் செய்யப்போவதும் இந்த நான்கையும் தடுத்து, உடலுக்கு நாள் வாங்கிக் கொடுப்பதுதான். ஐந்தாம் நாளைத் தாண்டிய குட்டிகளில் பெரும்பாலானவை தேறிவிடுகின்றன.

இப்போதே எடுத்துவைக்க வேண்டியவை: ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், வாசலின், கிராம் காட்டும் சமையலறைத் தராசு, 1 மில்லி, 5 மில்லி, 20 மில்லி சிரிஞ்சுகள், குளுக்கோஸ் பொடி, வெந்நீர்ப் பை அல்லது இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்கள், ஒரு நோட்டு. எல்லாமே மெடிக்கல் ஷாப்பிலும் வீட்டிலும் கிடைப்பவை.

முதலில் சூடு. தெர்மாமீட்டரின் நுனியில் வாசலின் தடவி, ஆசனவாயில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் மெதுவாக நுழைத்துப் பாருங்கள். பூனைக்கு இயல்பான சூடு 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். பலர் தவறும் இடம் இதுதான்: 98.6 என்று காட்டியதும் நார்மல் என்று நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். மனிதனுக்கு நார்மலான அந்த எண் பூனைக்குட்டிக்கு அபாய எண். இந்த நோயில் தொடக்கத்தில் 104, 105 என்று காய்ச்சல் அடிக்கும். அது பயமாகத் தெரிந்தாலும், உடல் இன்னும் போராடுகிறது என்பதன் அடையாளம். ஈரத்துணி போட்டு, ஐஸ் வைத்து இறக்க முயலாதீர்கள். 99-க்குக் கீழே இறங்குவதைத்தான் அஞ்ச வேண்டும். உடல் கைவிடத் தொடங்கும்போதுதான் சூடு இறங்கும்.

சூடு 99-க்குக் கீழே இருந்தால் வாய்வழி எதையும் கொடுக்கக் கூடாது. குளிர்ந்த உடலில் குடல் அசையாது. கொடுத்த உணவு அப்படியே தேங்கிப் புளிக்கும், அல்லது வாந்தியாகி மூச்சுக்குழாயில் போகும். முதலில் சூடேற்ற வேண்டும், அதுவும் மெதுவாக, ஒன்று முதல் இரண்டு மணி நேரம் எடுத்து. வெந்நீர்ப் பையைத் துண்டில் இரண்டு சுற்று சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். மறுபக்கம் சூடில்லாமல் இருக்கட்டும். அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். நகர முடியாத அளவு சோர்ந்திருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையை வைத்துப் பார்த்து, குட்டியைத் திருப்பிப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் தோல் வெந்துவிடும். மனிதர்களுக்கான மின்சார ஹீட்டிங் பேடை நேராக அடியில் வைப்பது ஆபத்து. மின்விசிறியை நிறுத்துங்கள், ஏசி வேண்டாம். சென்னை வெயிலில் யாருக்குக் குளிரும் என்று தோன்றலாம். தரையில் ஈரத்தோடு கிடக்கும் 800 கிராம் உடல் எந்த ஊரிலும் குளிர்ந்துபோகும். பேதியில் நனைந்த ரோமத்தை வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். குளிப்பாட்டவே கூடாது.

அடுத்து சர்க்கரை. இரண்டு மூன்று வேளை சாப்பிடாத குட்டிக்கு இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும். தலை ஆடுவது, நடை தள்ளாடுவது, அழைத்தால் கண் திறக்காதது, வலிப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். ஒரு ஸ்பூன் குளுக்கோஸ் பொடியை நான்கு ஸ்பூன் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அரை மில்லி அளவு விரலால் ஈறில் தடவுங்கள். ஊற்றக் கூடாது, தடவ வேண்டும். மயக்கத்தில் இருக்கும் குட்டி விழுங்காது. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை. இதில் தலை நிமிர்ந்தால் சர்க்கரைதான் காரணம் என்று தெரிந்துவிடும். அந்தத் தகவலைக் காலையில் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்; ட்ரிப்ஸில் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், சேர்ப்பார். ஈறில் தடவியும் அசைவில்லை என்றால் காலைவரை காத்திருக்க வேண்டாம்.

இனி நீர். இந்த நோயில் பிழைப்பதும் இறப்பதும் பெரும்பாலும் இதில்தான் தீர்மானமாகிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஒரு குட்டிக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 80 மில்லி நீர் தேவை. 800 கிராம் குட்டி என்றால் 64 மில்லி. இது நலமாக இருக்கும் குட்டிக்கு. உடல் எடையில் 8 சதவீதம் நீரை ஏற்கெனவே இழந்திருந்தால் அதற்கு இன்னொரு 64 மில்லி. இவற்றுக்கு மேல் அன்றைய வாந்தியிலும் பேதியிலும் போவது தனி. வாய்வழி கொடுத்து இதை ஈடுகட்ட முடியாது. குடிப்பதை வாந்தி எடுக்கும், எடுக்காவிட்டாலும் உரிந்த குடல் உறிஞ்சாது. நரம்பு வழி ட்ரிப்ஸே முதல் தேர்வு. நாள் முழுக்க மருத்துவமனையில் வைத்து ஏற்றும் வசதி இருந்தால், தயங்காமல் அங்கே விட்டுவிடுங்கள். பணமும் தூரமும் தடையாக இருந்தால், வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரி மருத்துவமனைகள் ஆகியவற்றில் எது அருகில் என்று பாருங்கள். கிளம்பும் முன் அவற்றின் வேலைநேரத்தை விசாரித்துவிடுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது, தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர் ட்ரிப்ஸை ஏற்றுவது. பல டாக்டர்கள் இதைக் கற்றுக்கொடுத்து பாட்டிலையும் கையில் தருகிறார்கள். கேட்டால்தான் தருவார்கள் என்பதால் கேளுங்கள். எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒருமுறை என்பதை அவரே எழுதித் தர வேண்டும். 800 கிராம் குட்டிக்கு வழக்கமாக ஒரு இடத்தில் 10 முதல் 15 மில்லி, இரண்டு இடங்களில், நாளுக்கு மூன்று முறை என்ற கணக்கை ஒட்டி வரும். டெக்ஸ்ட்ரோஸ் கலந்த பாட்டிலைத் தோலுக்கடியில் ஏற்றக் கூடாது. அது உடலின் நீரையே அந்த இடத்துக்கு இழுக்கும், சீழும் பிடிக்கும். மெடிக்கல் ஷாப்பில் ‘எல்லாம் ஒரே ட்ரிப்ஸ்தான்’ என்று டிஎன்எஸ் (டெக்ஸ்ட்ரோஸும் உப்பும் கலந்த ட்ரிப்ஸ்) கொடுத்தால் வாங்காதீர்கள்.

செய்யும் முறை: பாட்டிலின் ரப்பர் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து, புது ஊசியும் 20 மில்லி சிரிஞ்சும் கொண்டு உறிஞ்சி எடுங்கள். சிரிஞ்சை வெந்நீரில் சில நிமிடம் வைத்து, உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் வெதுவெதுப்பாகத் தெரியும் அளவு சூடாக்குங்கள். குளிர்ந்த நீரை ஏற்றினால் குட்டியும் குளிர்ந்துவிடும். பிறகு வேறொரு புது ஊசி மாட்டுங்கள். 22 கேஜ் தடிமன் போதும். ஒருவர் குட்டியைத் துண்டில் சுற்றிப் பிடிக்க, மற்றவர் இரண்டு தோள்பட்டைகளுக்கும் இடையே தோலைக் கூடாரம்போல் தூக்கி, அதன் அடிப்பகுதியில் முதுகெலும்புக்கு இணையாக ஊசியைச் செலுத்த வேண்டும். பிஸ்டனைக் கொஞ்சம் பின்னிழுத்துப் பாருங்கள். இரத்தம் வந்தால் எடுத்துவிட்டு வேறு இடம். வராவிட்டால் மெதுவாகத் தள்ளுங்கள். கை நனைந்தால் ஊசி மறுபக்கம் வெளியே வந்துவிட்டது என்று பொருள். எடுத்ததும் துளையை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள்.

ஏற்றிய இடம் பந்துபோல் வீங்கும், பிறகு முன்னங்கால் பக்கமோ வயிற்றுப் பக்கமோ சரிந்து தொங்கும். பயப்பட வேண்டாம். ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் வடிந்துவிட வேண்டும். அடுத்த வேளைக்கும் அந்த வீக்கம் அப்படியே இருந்தால் அதன் மேல் இன்னும் ஏற்றாதீர்கள். தோலுக்கு இரத்தம் ஓடவில்லை, நீரை உடல் எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடையாது. அந்தக் குட்டிக்கு நரம்பு வழியாகவே ஏற்றியாக வேண்டும். நரம்பு கிடைக்காத அளவு ஒடுங்கிப்போயிருந்தால் தொடை எலும்பின் மஜ்ஜைக்குள் ஊசி வைத்தும் ஏற்றலாம், இந்த வழி இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்கத் தயங்காதீர்கள். உடல் சூடு 99-க்குக் கீழே இருக்கும்போதும் தோலடி ட்ரிப்ஸ் பயன் தராது.

நீர் போதுமா என்று எப்படித் தெரியும்? ஈறைத் தொட்டுப் பாருங்கள். வழுக்காமல் விரலில் ஒட்டினால் போதவில்லை. ஈறை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். சிறுநீர் நிறம் இவை இரண்டைவிட நம்பகமானது. நலமான குட்டியின் சிறுநீர் வெளிர்நிறமாக இருக்கும். அடர் மஞ்சளாகப் போனால், அல்லது 12 மணி நேரமாகப் போகவே இல்லை என்றால், நீர் பற்றாக்குறை. மணல் தட்டில் இது தெரியாது. நோய் தீரும்வரை மணலை எடுத்துவிட்டு, தட்டில் பழைய செய்தித்தாளோ வெள்ளைத் துணியோ விரித்துவிடுங்கள். தினமும் இரண்டு வேளை எடை போடுங்கள். ஒரே நாளில் 800 கிராம் குட்டி 50 கிராம் குறைந்தால், குறைந்தது பெரும்பாலும் நீர்தான்.

வாந்தியை நிறுத்தாமல் இவற்றில் எதுவும் நிற்காது. மாரோபிட்டன்ட் ஊசி, கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவில் நாளுக்கு ஒருமுறை, இப்போது பூனைகளுக்கு நன்றாக வேலை செய்யும் மருந்து. அது மட்டும் போதாவிட்டால் ஒன்டான்செட்ரானும் சேர்ப்பார்கள். மாரோபிட்டன்ட் போடும்போது எரியும், குட்டி கத்தும். மருந்தை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ச்சியாகப் போட்டால் எரிச்சல் குறையும். ஆன்டிபயாட்டிக் கட்டாயம் வேண்டும், ஊசியாகவே வேண்டும். வைரஸ் நோய்க்கு அது எதற்கு என்று உறவினர்கள் கேட்பார்கள். மேலே சொன்ன கிழிந்த குடல்சுவர்தான் பதில். மாத்திரையாகக் கொடுத்தால் வாந்தியில் போய்விடும். ஒரு விஷயத்தை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தால் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பூனையின் விழித்திரை பாதிக்கப்பட்டுப் பார்வையே போகலாம்.

பரிசோதனைகளில், பணம் குறைவாக இருந்தால், நான் முதலிடம் கொடுப்பது முழு இரத்த எண்ணிக்கைக்கு. மல மாதிரியில் செய்யும் ஸ்ட்ரிப் சோதனை நாய்களுக்கு வரும் பார்வோ வைரஸுக்காகத் தயாரானது. பூனையின் வைரஸையும் காட்டும். ஆனால் நெகடிவ் என்று வந்தாலும் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. அண்மையில் தடுப்பூசி போட்ட குட்டிக்கு நோயில்லாமலே பாசிடிவ் காட்டவும் வாய்ப்புண்டு. வெள்ளணு எண்ணிக்கை நோயையும் காட்டும், போக்கையும் காட்டும். மைக்ரோலிட்டருக்கு 1,000-க்குக் கீழே இருந்தால் நிலைமை கடினம். இரண்டு நாள் இடைவெளியில் மறுபடி எடுத்து, எண் ஏறியிருந்தால் குட்டி திரும்பிக்கொண்டிருக்கிறது. அதோடு, டாக்டர் நாக்கைத் தூக்கிப் பார்த்தாரா என்றும் கேளுங்கள். நூலோ ரப்பர் பேண்டோ விழுங்கிய குட்டியும் இதேபோல வாந்தி எடுக்கும், நூல் நாக்கடியில் சுற்றிக்கொண்டு நிற்கும். இரண்டு குட்டிகளும் ஒன்றாகச் சரிந்திருப்பதால் உங்கள் வீட்டில் அதற்கு வாய்ப்புக் குறைவு, ஆனால் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

எதைக் கொடுக்கக் கூடாது என்பதில் முதலில் வருவது பாராசிட்டமால். டோலோ, குரோசின், குழந்தைகளின் காய்ச்சல் சொட்டு மருந்து, எந்தப் பெயரில் வந்தாலும் அது பூனைக்கு விஷம். அதை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. இரத்தம் பழுப்பாகி, ஆக்ஸிஜன் சுமக்கும் திறனையே இழக்கும். காய்ச்சல் என்று கால் மாத்திரை கொடுத்தால் அதுவே குட்டியைக் கொல்லும். தெரியாமல் ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் இப்போதே சொல்லுங்கள், விஷமுறிவு மருந்து இருக்கிறது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், மெலாக்சிகாம் ஆகியவையும் வேண்டாம். நீரிழந்த குட்டியின் சிறுநீரகத்தை முடித்துவிடும். பேதியை நிறுத்தும் மனித மாத்திரைகள் கூடாது. பூண்டுச் சாறும் மஞ்சள் தண்ணீரும் வாந்தி எடுக்கும் குட்டியின் தொண்டையில் ஊற்றுவதற்கல்ல. உண்ணி, தெள்ளுப்பூச்சி இருந்தாலும் நாய்களுக்கான பெர்மெத்ரின் பொடியைத் தொடாதீர்கள், அது பூனைக்கு வலிப்பை உண்டாக்கும். பூச்சி மருந்தும் தடுப்பூசியும் குட்டி தேறிய பிறகு.

உணவைப் பற்றி ஒரு பழைய பழக்கம், குடலுக்கு ஓய்வு கொடுக்கப் பல நாள் பட்டினி போடுவது. அது இப்போது வழக்கொழிந்துவிட்டது. குடல்சுவர் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டிய சத்தைப் பெருமளவு குடலுக்குள் வரும் உணவிலிருந்தே எடுக்கிறது. வாந்தி கட்டுக்குள் வந்து, உடல் சூடு 100-ஐத் தொட்டதும் தொடங்கலாம். 800 கிராம் குட்டிக்கு அடிப்படைத் தேவை நாளுக்கு ஏறக்குறைய 60 கலோரி. முதல் நாள் அதில் மூன்றில் ஒரு பங்கு, மறுநாள் மூன்றில் இரண்டு, மூன்றாம் நாள் முழுதாக. ராயல் கேனின் ரிகவரி, ஹில்ஸ் ஏ/டி போன்ற டின் உணவு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்த தோலில்லாத கோழிக்கறியை அது வெந்த நீரோடு மிக்சியில் மையாக அரைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஒரு வேளைக்கு 2 அல்லது 3 மில்லி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒருமுறை வாந்தி வந்தால் இரண்டு மணி நேரம் நிறுத்தி, பாதி அளவில் தொடருங்கள். பசும்பால், பால் சோறு, தயிர் சாதம், செரலாக் எதுவும் வேண்டாம். உரிந்த குடலால் பால் சர்க்கரையைச் செரிக்க முடியாது, பேதி கூடும்.

ஊட்டும்போது குட்டியை வயிற்றில் படுக்க வைத்து, தலை இயல்பாக நேராக இருக்க, வாயின் ஓரத்தில் சிரிஞ்சை வைத்து அரை மில்லி தள்ளி, விழுங்கிய பிறகே அடுத்தது. தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் நுரையீரலில் போய்விடும். வைரஸைத் தாண்டிய குட்டி இப்படி நிமோனியாவில் போவது மிகவும் வருத்தமான விஷயம். உணவைக் காட்டியதும் எச்சில் வடித்து, உதட்டை நக்கி, தலையைத் திருப்பிக்கொண்டால் குமட்டல் இருக்கிறது. திணிக்காமல் டாக்டரிடம் சொல்லி வாந்தி மருந்தைச் சரிசெய்யுங்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாய் வைத்து ஊட்டுவது குட்டிக்கும் உங்களுக்கும் இதைவிட எளிது. வைக்கத் தெரிந்த டாக்டர் இருந்தால் கேளுங்கள்.

நோட்டில் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு பக்கம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சூடு, சிறுநீர், வாந்தி, மலம், என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு. இரண்டாம் இரவில் உங்கள் நினைவு எதையும் பிடித்துவைக்காது. டாக்டருக்கும் ‘கொஞ்சம் டல்லா இருக்கு’ என்பதைவிட ‘இரவு 2 மணிக்கு 103, காலை 5 மணிக்கு 100, 6 மணிக்கு 98.8’ என்பது எவ்வளவோ சொல்லும்.

உடன் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குட்டிகளைப் பார்த்துக்கொள்பவரிடம் ‘பூனைதானே, வேற வாங்கிக்கலாம்’ என்று சொல்லாதீர்கள். ‘ஏதாவது வேணுமா?’ என்று கேட்டாலும் அவருக்குப் பதில் சொல்லத் தெரியாது. ‘12 மணியிலிருந்து 5 மணி வரைக்கும் நான் பார்த்துக்கறேன், நீ தூங்கு’ என்று சொல்லுங்கள். குட்டியைப் பிடித்துக்கொள்ள ஆள், ஆட்டோவில் கூட வர ஆள், மெடிக்கல் ஷாப்புக்கு ஓட ஆள், துணியை அலச ஆள், இதுதான் தேவை. ஆனால் உங்கள் வீட்டிலும் பூனை இருந்தால் அந்த அறைக்குள் வராதீர்கள். செருப்பிலும் உடையிலும் கையிலும் வைரஸ் உங்களோடு வீடு வந்து சேரும். வெளிவேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள், பொருளை வாசலில் வைத்துவிட்டுப் போங்கள். மனிதருக்கு இது தொற்றாது, குழந்தைகளைப் பற்றி அஞ்ச வேண்டாம்.

இதே காரணத்தால்தான், ‘வெளியே விடவே இல்லையே, எப்படி வந்தது, நான் எங்கே தவறினேன்’ என்று உங்களை நீங்களே குடைந்துகொள்வதில் பயனில்லை. இந்த வைரஸ் சூழலில் ஓராண்டுவரை உயிரோடு இருக்கும். தெருவில் மிதித்த செருப்பு போதும். ஒரு தடுப்பூசி போட்ட குட்டிக்கும் வரும்; தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புப் பொருளே அந்தத் தடுப்பூசியை வேலை செய்யவிடாமல் தடுத்துவிடுவது உண்டு. முதல் குட்டி இரண்டே நாளில் போனதும் உங்கள் தாமதத்தால் என்று சொல்ல முடியாது. வாந்தி தொடங்கி ஒரு நாளுக்குள்ளேயே, சிலவேளை வாந்தியே இல்லாமல், இறந்துபோகும் குட்டிகள் உண்டு.

இரவோடு இரவாக மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டிய அறிகுறிகள்: ஒரு மணி நேரம் சூடு கொடுத்தும் 99-ஐத் தொடாத உடல், வெளுத்தோ நீலமாகவோ போன ஈறு, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, வலிப்பு, மலத்தில் நிறைய இரத்தம். போகும்போதும் பெட்டிக்குள் வெந்நீர்ப் பை இருக்கட்டும்.

தேறுவதன் முதல் அறிகுறி பெரும்பாலும் உணவில் தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொள்ளும், மலத்தை மூடப் பார்க்கும், நீங்கள் வந்தால் தலை தூக்கும். அன்றே மருந்தை நிறுத்திவிடாதீர்கள். சாப்பிடத் தொடங்கிய குட்டி மறுநாள் சரிவதும் உண்டு, காரணம் வெள்ளணு ஏற இன்னும் ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். ஆன்டிபயாட்டிக்கை டாக்டர் சொன்ன நாள்வரை முடியுங்கள்.

தேறாத குட்டியைப் பற்றியும் பேசியாக வேண்டும். சூடேற்றியும் உடல் குளிர்ந்துகொண்டே போய், சர்க்கரை ஏற்றியும் விழிக்காமல், வலிப்பும் மூச்சுத் திணறலும் தொடர்ந்தால், ‘இதற்கு மேல் என்ன நடக்கும்?’ என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். திரும்பி வர வழியில்லை என்றால் கருணைக்கொலையைக் கேட்பது கைவிடுவதாகாது. முதலில் ஆழ்ந்த மயக்கத்துக்கு ஊசி போடச் சொல்லுங்கள், அதன் பிறகே இறுதி ஊசி. பக்கத்தில் இருக்க விரும்பினால் இருக்கலாம், முடியாவிட்டால் வெளியே நிற்பதிலும் குற்றமில்லை. புதைப்பதாக இருந்தால் கிணற்றிலிருந்து தள்ளி, மூன்றடி ஆழத்தில், மேலே ப்ளீச்சிங் பவுடர் தூவி. மூன்று குட்டிகளுக்கு ஒரே வாரத்தில் இப்படி நேர்வது பெரிய இழப்பு. அழுகை வந்தால் அழுங்கள்.

அறையைச் சுத்தம் செய்வதில் டெட்டால், ஃபினைல், சானிடைசர் மூன்றும் இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. டெட்டாலும் ஃபினைலும் பூனைக்கு நச்சும்கூட. வேலை செய்வது ப்ளீச். கடையில் கிடைக்கும் 4 முதல் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்றால் ஒரு லிட்டர் நீருக்கு 40 மில்லி. ப்ளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு 10 கிராம், ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன், கலக்கித் தெளியவைத்து மேல்நீரை எடுக்க வேண்டும். பாக்கெட் புதிதாகப் பிரித்ததாக இருக்கட்டும், நம் ஊர் ஈரக்காற்றில் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும். அழுக்கின் மேல் ப்ளீச் வேலை செய்யாது. முதலில் சோப்பு நீரால் கழுவி, பிறகு ப்ளீச் நீரைப் பத்து நிமிடம் ஈரம் காயாமல் நிற்கவிட்டு, அதன்பின் நல்ல நீரால் அலசுங்கள். காயும்வரை குட்டிகள் வேறிடத்தில் இருக்கட்டும். ஆசிட்டோ ஹார்பிக்கோ ப்ளீச்சோடு கலந்தால் நச்சுவாயு வரும், ஒருபோதும் சேர்க்காதீர்கள். பிளாஸ்டிக் தட்டு, மெத்தை, கீறல் கட்டை ஆகியவற்றைத் தூக்கிப் போடுவதே மேல்.

தேறிய குட்டியின் மலத்தில் ஆறு வாரம்வரை வைரஸ் வரும், அதுவரை மற்ற பூனைகளிடமிருந்து பிரித்து வையுங்கள். வீட்டில் நலமாக இருக்கும் வேறு பூனைகளுக்குத் தடுப்பூசி போடாமல் இருந்தால் இன்றே போடுங்கள்; நோய் வந்த வீடாயிற்றே என்று தள்ளிப்போட வேண்டாம். சினையாக இருக்கும் பூனைக்கு மட்டும் உயிருள்ள (வீரியம் குறைத்த வைரஸ் கொண்ட) தடுப்பூசி கூடாது, வயிற்றிலிருக்கும் குட்டியின் சிறுமூளையைப் பாதிக்கும். அடுத்து எப்போதாவது ஒரு குட்டி வளர்க்க மனம் வந்தால், ஓராண்டுக்குள் தடுப்பூசி முடியாத குட்டியை அந்த வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் தாண்டிய பிறகும் ஒன்று போட்டு, அதிலிருந்து இரண்டு வாரம் கழித்து அழைத்து வாருங்கள்.